பாடி ஸ்ப்ரேவும் நாடகக் காதலும்

என் தம்பியின் பாடி ஸ்ப்ரே டப்பாவை அம்மா அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தது 2016 மார்ச் மாதத்தில். உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்கு அருகே பட்டப்பகலில் சங்கரை வெட்டிய காணொளி எங்கள் தெருவில் எல்லார் கைபேசிக்கும் வந்து சேர்ந்திருந்த சமயம். தம்பி அப்போது பழநியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவன், திங்கள் காலை முதல் பேருந்துக்குக் கிளம்பும்போது டப்பாவைக் காணோம் என்று வீட்டையே புரட்டிப் போட்டான். கூலிங் கிளாஸையும் காணோம். அம்மா அடுப்படியில் இருந்தபடியே சொன்னாள்: "கண்ணாடியும் வேணாம், சென்ட்டும் வேணாம் சாமி. நீ வர்றதும் போறதும் நாலு பேருக்குத் தெரியாம இருந்தாப் போதும்."

விளம்பரங்களில் பாலினம் எப்படிக் கட்டமைக்கப்படுகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. நிறையப் படித்தேன், நிறையக் குறிப்பு எடுத்தேன். ஆனால் வாசனைத் திரவிய விளம்பரம் நம் ஊரில் என்ன செய்கிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த அரிசிப் பானைதான்.

எங்கள் ஊர் கொடைக்கானல் மேல்மலையில் இருக்கிறது. பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் ஊர். நிலம் எங்களுடையது அல்ல, கைகள் மட்டும் எங்களுடையவை. அம்மா பூண்டுக் காட்டில் கூலி. பிடுங்குவது, மண் உதிர்ப்பது, தாள் அறுப்பது, தரம் பிரிப்பது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பூண்டை முகர்ந்தால் உள்ளே ஒரு பல் அழுகியிருப்பதைச் சொல்லிவிடுவாள். அந்த மூக்குக்குத் தனிக் கூலி கிடையாது. வேலை முடிந்து சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தாலும் விரலில் இருந்து வாடை போகாது. தலை வாரிவிடும்போது அந்த வாடை எங்கள் தலைக்கும் வரும். அதோடுதான் நாங்கள் பள்ளிக்கூடப் பேருந்தில் ஏறுவோம். அடுத்த சீட்டில் இருப்பவர் ஜன்னலைத் திறப்பார். மேல்மலைக் குளிரில், காலை ஏழு மணிக்கு, ஜன்னலைத் திறப்பார்!

2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் காரமும் மணமும்தான் அதற்குப் பெருமை என்று எழுதினார்கள். பூண்டில் இருந்தால் மணம், பூண்டு பிடுங்கியவள் விரலில் இருந்தால் நாற்றம். பழந்தமிழில் நாற்றம் என்றாலே மணம்தான், பூவுக்கும் நாற்றம் உண்டு. அந்தச் சொல் எப்போது வசையாகத் திரும்பியது என்பதை மொழியியலாளர்கள் ஆராயட்டும். திரும்பிய பிறகு அது யார் மேல் எறியப்பட்டது என்பது எங்களுக்குத் தெரியும். லக்னோவின் தலித் குடியிருப்புகளில் ஆய்வு செய்த ஜோயல் லீ என்ற மானுடவியலாளர், சாதி எப்படி வாடையாகவும் இடமாகவும் உடலுக்குள் பதிகிறது என்று 2017-இல் ஒரு கட்டுரை எழுதினார். அதை நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோது எனக்கு அந்தப் பேருந்து ஜன்னல்தான் ஞாபகம் வந்தது. சாதிச் சமூகத்தில் ஒரு தரப்புக்கு மூக்கு மட்டும் இருக்கிறது, இன்னொரு தரப்புக்கு வாடை மட்டும் இருக்கிறது. ஆதிக்க சாதி வீட்டு ஆண் வயலில் வியர்த்தால் அது உழைப்பின் வாசம் என்று சினிமாவில் பாட்டு வரும். நம் வியர்வைக்குப் பாட்டு வராது.

இந்த இடத்தில்தான் அந்த டப்பா உள்ளே வருகிறது.

2006 தேர்தலுக்குப் பிறகு அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி எங்கள் காலனிக்கும் வந்தது. அதில்தான் தம்பி முதன்முதலாக ஆக்ஸ் விளம்பரத்தைப் பார்த்தான். கதை உங்களுக்கும் தெரியும். சுமாரான, ஒல்லியான ஒரு பையன். உடம்பில் புஸ் என்று அடித்துக்கொள்கிறான். பெண்கள் ஓடி வருகிறார்கள். அந்த வரிசையில் உலகப் புகழ்பெற்ற ஒன்று 2006-இல் வந்தது. நீச்சலுடை அணிந்த பெண்கள் கூட்டம் கூட்டமாகக் காட்டைக் கடந்து, பாறைகளில் இறங்கி, கடலில் நீந்தி, கரையில் நிற்கும் ஒரே ஒருவனை நோக்கிப் பாய்வார்கள். அவன் சிரித்துக்கொண்டே மேலும் மேலும் அடித்துக்கொள்வான்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தியும் அவனிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பெயர் கேட்பதில்லை. எந்த ஊர், யார் வீட்டுப் பையன் என்று கேட்பதில்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணிடம் ஓர் ஆண் பேசினால் சுற்றி நிற்பவர்கள் கேட்கும் முதல் கேள்வியே அதுதான் என்கிறபோது, அது கேட்கப்படாத ஓர் உலகத்தை அந்த விளம்பரம் காட்டியது. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு, அதுவும் எங்கள் தெருப் பையனுக்கு, நீச்சலுடையை விட அதுதான் பெரிய கவர்ச்சியாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஜன்னலைத் திறக்காத ஒரு பேருந்து.

ஆனால் அந்த உலகத்துக்குள் நுழையப் பெண் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. அவளுக்கு மூக்கு இருக்கிறது, மூளை இல்லை. அவள் தேர்ந்தெடுப்பதில்லை, இழுக்கப்படுகிறாள். பையனுக்கும் பெரிய மரியாதை ஒன்றும் இல்லை. அவனுடைய பேச்சு, படிப்பு, குணம், அன்பு எதற்கும் அங்கே வேலை கிடையாது. எல்லாவற்றையும் டப்பா பார்த்துக்கொள்கிறது.

இப்போது 2012-ஐ நினைத்துப் பாருங்கள். நவம்பர் 7 அன்று தர்மபுரியில் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. அதையொட்டி பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் சொன்னது என்ன? தலித் இளைஞர்கள் ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள், இது காதல் அல்ல நாடகம் என்றார். அந்தப் பிரச்சாரம் ஊர் ஊராகப் போயிற்று. அடுத்த ஆண்டு ஜூலையில் இளவரசன் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தார்.

ஆக்ஸ் விளம்பரத்தையும் அந்தப் பேச்சையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நான் வைத்துப் பார்த்தபோது இரண்டுக்கும் கதை ஒன்றாகவே இருந்தது. ஓர் ஆண். அவனிடம் கடையில் வாங்கிய ஒரு பொருள். அதைப் பார்த்தோ முகர்ந்தோ புத்தி பேதலித்து விழும் பெண். விளம்பர நிறுவனம் இந்தக் கதையை ஆசையாக விற்கிறது, சாதிச் சங்கம் இதையே பயமாக விற்கிறது. அவர்களுக்கு டப்பா, இவர்களுக்குக் கூலிங் கிளாஸ். பெண்ணுக்கு ஒரு மனம் இருக்கிறது, அவள் ஒருவனைப் பார்த்து, பேசி, எடைபோட்டு, இவன் வேண்டும் என்று முடிவு செய்யக்கூடியவள் என்ற எண்ணத்துக்கு இரண்டு கதையிலும் இடமே இல்லை. மும்பையில் ஏசி அறையில் உட்கார்ந்து விளம்பரம் எழுதியவருக்கும் இங்கே மேடையில் மீசை முறுக்குகிறவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. பெண்ணைப் பற்றிய நினைப்பில் இருவரும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்.

அந்த நினைப்பை நொறுக்கியவர் கௌசல்யா, பழநிப் பெண். தானே முடிவு செய்து, 2015 ஜூலையில் பழநியிலேயே சங்கரைத் திருமணம் செய்துகொண்டார். எட்டு மாதம் கழித்து, 2016 மார்ச் 13 அன்று, உடுமலையில் அவர் கண்முன் சங்கர் வெட்டப்பட்டார். அவருக்கும் தலையில் வெட்டு. மயங்கிப் போன பெண், ஏமாந்த பெண் என்று ஊர் எழுதி வைத்திருந்த வசனத்தை அவர் பேச மறுத்தார். பெற்ற அப்பா அம்மாவுக்கு எதிராகவே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் அவருடைய தந்தை உள்ளிட்ட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் உயர்நீதிமன்றம் தந்தையை விடுதலை செய்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. எந்த ஸ்ப்ரேயின் மயக்கத்தில் ஒரு பெண் இத்தனை ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறுவாள்?

அந்தஸ்து என்ற சரக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் விலை கூடிய பெர்ஃப்யூம் விளம்பரங்களில் பெண்கள் ஓடி வருவதில்லை. கண்ணாடிக் கட்டிடம், லிஃப்ட், கோட்டு, வெளிநாட்டுக் கார், வெளுத்த தோல். இதைப் பூசினால் நீயும் அந்த லிஃப்ட்டில் ஏறலாம் என்பது வாக்குறுதி. எங்கள் தெருவில் படித்து மேலே போன ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வகையில் இதை நம்பியவர்கள்தான், நானும் சேர்த்து. 2025 ஜூலை 27 அன்று திருநெல்வேலி கே.டி.சி. நகரில் கொல்லப்பட்ட கவின் ஒரு மென்பொருள் பொறியாளர். பெரிய நிறுவனம், நல்ல சம்பளம். அந்த லிஃப்ட்டில் உண்மையிலேயே ஏறியவர். அவருடைய சாதியை மறக்க வைக்கும் அளவுக்கு அந்த லிஃப்ட் உயரவில்லை.

பெண்களுக்கான வாசனை விளம்பரமோ வேறு ரகம். அதில் பூ இருக்கும், பட்டு இருக்கும், கழுத்தோரம் குனியும் ஓர் ஆண் இருப்பான். மென்மையாக இரு, மணமாக இரு, காத்திரு. எங்கள் மலையின் அடிவாரத்தில், நிலக்கோட்டைப் பக்கம், விடியும் முன்னே டார்ச் லைட்டோடு மல்லிகை மொட்டுப் பறிக்கும் பெண்களை அதில் பார்க்க முடியாது. மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும், இடுப்பு ஒடிய ஒடியப் பறிக்க வேண்டும். இந்த வட்டாரத்து மல்லிகையில் ஒரு பகுதி ஆலைக்குப் போய், மெழுகு போன்ற சாறாக இறுகி, பிரான்சின் வாசனைத் தொழிலுக்கு ஏற்றுமதியாகிறது. அங்கே குப்பிக்குள் போனதும் அதற்கு ஒரு நடிகையின் முகம் கிடைக்கிறது.

இந்த விளம்பரங்களை அரசு கண்டிக்கவில்லையா என்று கேட்கலாம். 2011 மே மாதம் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் டியோடரண்ட் விளம்பரங்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி விளம்பரத் தர மன்றத்துக்கு எழுதியது. ஆபாசம் என்பதுதான் அதன் புகார். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க முடியவில்லை என்ற அதே பழைய கவலை. 2022 ஜூனில் லேயர் ஷாட் என்ற ஸ்ப்ரேயின் விளம்பரம் வந்தது. கடையில் தனியாக நிற்கும் பெண், அவளுக்குப் பின்னால் நான்கு ஆண்கள், இரட்டை அர்த்தத்தில் ஒரு பேச்சு, திரும்பிப் பார்க்கும் அவள் முகத்தில் பயம். கூட்டு வல்லுறவு அங்கே நகைச்சுவை. நாடே கொதித்த பிறகு ஜூன் 4 அன்று அதை நீக்கச் சொன்னார்கள். நல்லது, நீக்கத்தான் வேண்டும். ஆனால் மயங்கி விழும் பெண்ணை ஐம்பது விளம்பரங்களில் காட்டிப் பழக்கிய பிறகுதான் ஐம்பத்தோராவதாக இது வந்தது.

ஆக்ஸ் டப்பாவை விற்கும் யூனிலீவர் நிறுவனத்தைக் கொடைக்கானல்காரர்களுக்கு வேறு விதமாகவும் தெரியும். 1983-இல் பிரான்சில் ஆக்ஸ் முதன்முதலாகக் கடைக்கு வந்தது. அதே ஆண்டில்தான், அமெரிக்காவின் வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் ஆலையைச் செஸ்பரோ-பாண்ட்ஸ் நிறுவனம் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தது. ஆமாம், நம் வீட்டுக் கல்யாணங்களில் மணக்கும் அதே பாண்ட்ஸ் பவுடர்க்காரர்கள்தான். சில ஆண்டுகளில் யூனிலீவர் பாண்ட்ஸை வாங்கியது, ஆலை இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் 7.4 டன் பாதரசக் கழிவுக் கண்ணாடி குவிந்து கிடப்பதைப் பழநி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸும் வெளிக்கொண்டு வந்தன. அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. 2003-இல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனது. ஆலைக்குக் கீழே பாம்பார் சோலைக்குள் போனது போனதுதான்.

பாதரச ஆவிக்கு வாடை கிடையாது. உள்ளே வேலை பார்த்த பிள்ளைகளின் மூக்கு அவர்களை எச்சரிக்கவில்லை. நோய்க்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்றே நிறுவனம் சொல்லிவந்தது. பதினைந்து ஆண்டு போராட்டம், 2015-இல் சென்னைப் பாடகி சோஃபியா அஷ்ரஃபின் ராப் பாடல் உலகம் முழுக்கப் பரவியது, பிறகு 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு. தொகை எவ்வளவு என்று வெளியே சொல்லவில்லை. அதே ஆண்டு ஜூனில் கேன்ஸ் விளம்பரத் திருவிழாவில், இனிமேல் எங்கள் விளம்பரங்களில் பெண்களைப் பழைய வார்ப்பில் காட்டமாட்டோம் என்று யூனிலீவர் அறிவித்தது. கைதட்டல் கிடைத்தது. கொடைக்கானல் மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்ற அளவை எதிர்த்து, பிரிட்டனில் இதை விடுவீர்களா என்று இங்கே இருப்பவர்கள் அதற்குப் பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பூண்டு வாடைக்கு ஜன்னலைத் திறக்கிற மூக்குகளுக்கு இதெல்லாம் எட்டவே இல்லை.

தோழர்களே, கடைசியாக ஒன்று. இது நம்மைப் பற்றியது. பல்கலைக்கழகத்தில் முற்போக்கு வட்டங்களில் ஒரு கேலி உண்டு. "ஆக்ஸ் பசங்க." மலிவான சென்ட்டை அள்ளித் தெளித்துக்கொண்டு, முடியைக் கலர் செய்துகொண்டு வரும் முதல் தலைமுறைப் பையன்களுக்கு அந்தப் பெயர். நானும் சிரித்திருக்கிறேன். பெண்ணியம் பேசுகிற, அம்பேத்கரை மேற்கோள் காட்டுகிற ஒரு தோழி, கருத்தரங்க அறையில் ஒரு பையன் உள்ளே வந்ததும் துப்பட்டாவால் மூக்கைப் பிடித்தாள். விளம்பரத்தின் ஆணாதிக்கத்தை அவள் எதிர்க்கிறாளாம். பேருந்து ஜன்னலைத் திறந்தவரின் முகமும் அப்படித்தான் சுளித்திருந்தது. வாடை இருந்தால் குற்றம், வாடையை மறைத்தால் மலிவு. என்னதான் செய்ய வேண்டும் அவன்?

1921-இல் மதுரையில் காந்தி மேலாடையைத் துறந்தார். துறப்பதற்கு அவரிடம் மேலாடை இருந்தது. எங்கள் தெருமுனைச் சிலையில் அம்பேத்கர் கோட்டும் டையுமாக நிற்கிறார், அதில் ஒரு பொத்தானைக்கூட யாரும் குறைக்க விடமாட்டோம். அதனால் சென்ட் போடாதே என்று என் தம்பியிடம் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. போட்டுக்கொள்ளட்டும், நன்றாக மணக்கட்டும். ஒரு பெண் அவனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் அது டப்பாவால் அல்ல, அவள் அவனைப் பார்த்து முடிவு செய்ததால் என்பதை அவன் நம்ப வேண்டும் என்பதுதான் என் சண்டை. அவனைக் கொல்ல நினைப்பவர்கள் நம்பாமல் இருப்பதும் அதைத்தான்.

அந்த டப்பாவை அம்மா இரண்டு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்தாள். அரிசியெல்லாம் அந்த வாசனை, ஒரு வாரம் சோறே ஆக்ஸ் மணத்தது. கண்ணாடியைக் கொடுக்கவில்லை. தம்பி இப்போது பிக்கப் வண்டி ஓட்டுகிறான், மேல்மலைப் பூண்டை வடுகபட்டிச் சந்தைக்கு ஏற்றிப் போகிறான். டேஷ்போர்டில் எப்போதும் ஒரு ஸ்ப்ரே நிற்கும். போன மாதம் நான் ஊருக்குப் போயிருந்தபோது, வண்டியைக் கழுவிக்கொண்டே, "அக்கா, ஒரு பொண்ணு பேசுறா" என்றான். பெயரைச் சொன்னான். என்ன படித்திருக்கிறாள், எப்படிச் சிரிப்பாள், அவன் வண்டியைப் பின்னால் எடுக்கும் அழகை எப்படிக் கிண்டல் செய்வாள் என்றெல்லாம் சொன்னான். நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

ராத்திரி அம்மா பூண்டு உரித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் என்னிடம் கேட்டாள்: "அந்தப் புள்ள எந்த ஊரு? என்ன ஆளுங்க?"